வெள்ளை மாத்திரை

மார்ச் 3
கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்துவிட்டது. மொத்தம் 262. கெட்டது என்கிற எல்டிஎல் 176.

மார்ச் 4
தூக்கம் வரவில்லை. ரிப்போர்ட் வந்த உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 262-ல் நல்லது என்கிற எச்டிஎல் 48 போக 214. டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு 190, அதை ஐந்தால் வகுத்தால் 38, அதையும் கழித்தால் 176. லேப்காரர்கள் தப்பு செய்திருப்பார்கள் என்ற ஆசையும் போச்சு.

மார்பகக் கேன்சருக்கு டமாக்சிபென் சாப்பிட்ட காலத்தில் எல்டிஎல் 118 இருந்தது. அந்த மாத்திரை போகிற போக்கில் எல்டிஎல்லையும் இறக்கி வைக்கும். அதை நிறுத்தி லெட்ரோசோலுக்கு மாற்றியதும் அந்தத் தயவு நின்றுவிட்டது. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று கையை நீட்டுகிறது.

மார்ச் 5
விரல் மூட்டெல்லாம் வலி. பேனா பிடிக்க முடியவில்லை.

மார்ச் 7
27-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால். நேற்று ராத்திரி முழுக்க இந்தப் பெயர்தான். கொலஸ்ட்ராலில் இருந்து உடம்பே செய்துகொள்கிற பொருள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் இதுவும் போய் உட்காருமாம். 2013-ல் வந்த ஆய்வில், எலிகளுக்குக் கட்டியை வளர்த்துவிட்டிருக்கிறது. என் பயாப்சி தாளில் ஈஆர் பாசிட்டிவ், ஈஸ்ட்ரோஜன் உட்காரும் அந்த இடம் என் கட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத்தானே அடைக்கிறது? வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி.

எலி, எலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனிதர்களின் ரத்தக் கொலஸ்ட்ராலை வைத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சிலதில் தொடர்பு இருக்கிறது, சிலதில் இல்லை. பகலில் இது ஆறுதலாக இருக்கிறது.

மார்ச் 8
அக்கா போன் செய்தாள். "அப்படி என்னதான்டி சாப்பிட்டே?" வைத்துவிட்டேன். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11
கொலஸ்ட்ராலைக் குறைக்க அடோர்வாஸ்டாடின் 20. "இது இதயத்துக்கு, கேன்சருக்கு இல்லை," என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். இந்த ஸ்டாடின் வகை மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கேன்சர் திரும்புவது குறைவு என்று படித்தேனே என்றேன். சிரித்தார். அது ஏற்கெனவே சாப்பிட்டவர்களைப் பின்னாலிருந்து பார்த்த கணக்காம். ஒரு பாதிப் பேருக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். டென்மார்க்கில் அப்படி ஒரு சோதனை போட்டிருக்கிறார்கள்.

சரி. நான் எந்தப் பாதி?

மார்ச் 12
லெட்ரோசோல் மஞ்சள் ஒன்று, அடோர்வாஸ்டாடின் வெள்ளை ஒன்று. இதயத்துக்கு என்று சொல்லித்தான் வெள்ளையை விழுங்கினேன். பாதி பொய்.

மார்ச் 15
27.

மார்ச் 19
அடுத்த ரத்தப் பரிசோதனை ஏப்ரல் 22, வெறும் வயிற்றில். அக்காவிடம் இன்னும் பேசவில்லை. நாளைக்கு