பாட்டியின் கேக்கும் ஒரு அலைக்கோடும்: நான்காவது தாள்

நான் வரையும் துண்டுப்படத்தில் (காமிக் ஸ்ட்ரிப்) மூன்று தாள் குப்பைக்குப் போய், நான்காவதில்தான் பேச்சை எழுதும் பலூன் ஒழுங்காக உட்கார்ந்தது. படமோ நகைச்சுவையோ காரணமில்லை. ஸ்பானிய மொழியில் ‘என்’ எழுத்தின் தலைமேல் வரும் அலைக்கோடு படுத்திய பாடு.

கதை நான்கு கட்டம். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மெக்சிகோ-அமெரிக்கக் குடும்பம். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரன், பாட்டியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு சூப்பர் மார்க்கெட்டில் எழுதி வாங்கிய கேக்கோடு வருகிறான். ‘ஆன்யோஸ்’ என்று இருக்க வேண்டியது, தலைக்கோடு இல்லாமல் ‘ஆனோஸ்’ ஆகிவிட்டது. ஆன்யோ என்றால் ஆண்டு. ஆனோ என்றால் ஆசனவாய். நமக்குப் பல்லியும் பள்ளியும் மாதிரி, ஆனால் இங்கே மானம் போகும். அத்தைமார் விழுந்து விழுந்து சிரிக்க, பேரன் முழிக்கிறான். கடைசிக் கட்டத்தில் பாட்டி விரல் நுனியில் கிரீமை வழித்து அந்த எழுத்தின் தலையில் ஒரு இழுப்பு இழுக்கிறாள்.

கேக்கில் கோடு இல்லை என்பது கண்ணில் பட வேண்டுமானால், பலூனில் சரியாக எழுதிய சொல்லின் கோடு அச்சில் பளிச்சென்று நிற்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

தாள் 13க்கு 4 அங்குலம், அச்சில் பாதி. எழுத்துக்கு வழிகாட்டிக் கோடு போடும் ஏம்ஸ் கைடு என்ற அளவுகோலை 3.5ஆம் எண்ணில் வைக்கச் சொல்வது காமிக் புத்தகக்காரர்கள் வழக்கம். அதாவது எழுத்து உயரம் 2.8 மி.மீ. அவர்கள் மூன்றில் இரண்டு பங்காகத்தான் சுருக்குகிறார்கள், நமக்கு அது பொடி எழுத்தாகிவிடும். முதல் தாள் அப்படிப் போனது. 4.5க்கு மாற்றினால் 3.6 மி.மீ., அச்சில் 1.8. போதும்.

இரண்டாவதில் வரி இடைவெளி 1.4 மி.மீ. அலைக்கோடே 0.8 எடுத்துக்கொள்கிறது, மேலும் கீழும் மிஞ்சும் வெள்ளை 0.3, அச்சில் அதிலும் பாதி. மை அடைத்து எழுத்துக்குத் தொப்பி மாட்டியது போல் ஆகிவிட்டது. மெல்லிய பேனாவால் கோட்டை மட்டும் போட்டால் சுருக்கும்போது காணாமல் போகிறது.

மூன்றாவதில் இடைவெளியை 2.2 ஆக்கியதும் பலூன் வீங்கி அத்தையின் கொண்டையில் ஏறியது. போதாததற்கு, ஸ்பானியக் கேள்வியின் தொடக்கத்தில் வரும் தலைகீழ் கேள்விக்குறி வரிக்குக் கீழே தொங்கி, அடுத்த வரியின் அலைக்கோட்டை இடித்தது.

நான்காவதில் இடைவெளி பழைய 1.4தான். அந்த ஒரு எழுத்தின் உடம்பை மட்டும் 3 மி.மீ. ஆகக் குறைத்து, மிச்சமான 0.6ஐ கோட்டுக்குக் கொடுத்தாயிற்று. தனித்துக் குட்டையாகத் தெரிவதில்லை. தலைகீழ் கேள்விக்குறியும் மற்ற எழுத்துகளின் உயரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானியத்துக்குத் தாவினால் அந்தக் குறி தாவும் இடத்தில்தான் வர வேண்டும், வாக்கியத்தின் தலையில் அல்ல. கேபிடல் எழுத்துக்கு இந்தக் குறிகள் எல்லாம் வேண்டாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஸ்பானிய மொழி அகாடமி அதை ஏற்பதில்லை.

ஸ்பானியச் சொல்லைச் சாய்த்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்குப் பிடிக்காது. வாசகருக்கு அந்நியமாக இருக்கலாம், பாட்டிக்கு அது அடுப்படிப் பேச்சு. கார்ட்டூனிஸ்ட் கஸ் அரியோலாகூட ‘கோர்டோ’ துண்டுப்படத்தில் (1941–1985) ஆரம்பத்தில் நாயகனின் ஆங்கிலத்தைக் கொச்சை உச்சரிப்போடு எழுதி, பிறகு கைவிட்டார். அடிக்குறிப்பும் வேண்டாம். கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸ் 1994இல், ஆவணமில்லாத குடியேறிகளுக்கு அரசுச் சேவைகளை மறுக்க வந்த கலிஃபோர்னியாவின் 187ஆவது முன்மொழிவைக் கிண்டலடிக்க ‘டேனியல் டி. போர்ட்டாடோ’ என்று ஒரு போலி ஆளை இறக்கினார். ‘டி. போர்ட்டாடோ’வைச் சேர்த்துப் படித்தால் ஸ்பானியத்தில் ‘நாடு கடத்தப்பட்டவன்’. புரிந்தவன் சிரிப்பான், புரியாதவன் பக்கத்து ஆளைக் கேட்பான். இந்த மாதிரிப் பெயர்ச் சிலேடையில் அடுத்த துண்டு ஒன்று போட வேண்டும். பட்டியல் தயார், தாள்தான் இல்லை. இப்போது வாங்கிய அட்டையில் ரப்பர் இரண்டு முறை பட்டாலே மை கசிகிறது. பழையபடி 270 கிராம் வழவழ பிரிஸ்டல் அட்டைக்கே திரும்ப வேண்டும்.

நான்காம் கட்டத்துக்கு இன்னும் மை போடவில்லை. கேக் எழுத்து வெளிக்கோட்டோடு கொழுகொழுவென்று இருப்பதால், பாட்டி வைக்கும் கிரீம் அலைக்கோடாகத் தெரியாமல் மேலே விழுந்த மண்புழு மாதிரி தெரிகிறது.