விஷ்ணுகிராந்திக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள் (முதல் சில மாதங்கள் தவிர)

வறட்சி தாங்கும் செடி என்றதும் பலரும் கள்ளி, கற்றாழை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் விஷ்ணுகிராந்தி என்பேன். கரட்டு மேட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பாதையோரச் சரளையிலும் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் காட்டாமல், தரையோடு தரையாகப் படர்ந்து காலையில் குட்டிக் குட்டியாய் நீலப் பூ பூத்துக் கிடக்குமே, அதேதான். நம் மண்ணிலேயே தானாக வளர்கிற செடி, பல வருஷம் இருக்கும், முழங்கால் உயரம்கூட வராது. கொஞ்சம் இடம், நல்ல வெயில், தண்ணீர் தட்டுப்பாடு என்று இருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான பூச்செடி எனக்குத் தெரிந்து இல்லை.

பூவைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இதழ்கள் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே வட்டமாக விரிந்திருக்கும், வெளிர் நீலம், நடுவில் வெள்ளை, கீழே நூல் தடிமனில் ஒரு காம்பு. தண்டிலும் இலையிலும் மென்மையான நரைத்த ரோமம். அந்த ரோமம் காற்றையும் வெயிலையும் நேரடியாக இலைமேல் படவிடாமல் ஈரத்தைக் காக்கிறது. மண்ணுக்குள்ளே அடிவேர் கட்டை மாதிரி இறுகியிருக்கும். கோடையில் மேலே எல்லாம் காய்ந்து போனாலும் ஒரு மழை விழுந்தால் அதிலிருந்து துளிர் வந்துவிடும். பூ ஒவ்வொன்றும் ஒரு வேளைதான், வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும். சாயங்காலம் மட்டும் தோட்டத்தை எட்டிப் பார்க்கிறவர் என்றால் வேண்டாம், ஏமாந்து போவீர்கள்.

வாங்கும்போது கவனம். நர்சரியில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 'ப்ளூ டேஸ்' எனப்படும் எவால்வுலஸ் குளோமெரேட்டஸ், பிரேசில் பக்கத்துச் செடி. பூ இரண்டு மடங்குக்கு மேல் பெரிது, அடர் நீலம், அழகுதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நம்முடையது எவால்வுலஸ் அல்சினாய்டெஸ். வெள்ளைப் பூவும் வட்ட இலையுமாகக் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவுகிற இன்னொன்றும் உண்டு, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த எவால்வுலஸ் நுமுலாரியஸ்; விட்டால் புல்தரையையே பிடித்துக்கொள்ளும். நம் செடிக்கு அந்தப் புத்தி கிடையாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பம்தான் என்றாலும் பக்கத்துச் செடியில் சுற்றிக்கொண்டு ஏறவும் ஏறாது. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ்கூட 1753-ல் இதைச் சுற்றி ஏறும் கொடிகள் இருக்கிற கன்வால்வுலஸ் பேரினத்தோடு சேர்த்துவிட்டு 1762-ல்தான் எவால்வுலஸுக்கு மாற்றினார்.

வெளியில் பார்த்த செடியைப் பிடுங்கி வந்து நடுகிற வேலை மட்டும் வேண்டாம். அடிவேர் அறுந்துவிட்டால் பிழைப்பது கஷ்டம், மூலிகை என்று ஏற்கெனவே போதுமான அளவு பிடுங்குகிறார்கள். விதை எடுங்கள். பூ போனபின் சின்ன உருண்டைக் காய் வரும், பழுப்பாகிக் காய்ந்ததும் நான்காக வெடிக்கும், உள்ளே அதிகபட்சம் நான்கு விதை இருக்கும். தோல் கெட்டி என்பதால் அப்படியே போட்டால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, மண்ணின் மேலாகத் தூவி மெல்லிசாக மணல் மூடினால் போதும்.

இப்போது தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். வறட்சி தாங்குவது அந்த அடிவேர்தான், நாற்றுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதனால் முதல் சில மாதங்கள் மேல்மண் காய்ந்ததும் நன்றாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். செடி கைப்பிடி அளவு படர்ந்ததும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் ஒருநாள் நிறுத்திவிடுங்கள். அதற்கப்புறம் இது சாவதென்றால் பெரும்பாலும் தண்ணீர் தேங்கி வேர் அழுகித்தான். செம்மண்ணில் மணலும் சரளையும் தாராளமாகக் கலந்து, தரையைவிட ஒரு சாண் உயர்த்தி நட்டால் அடைமழையையும் தாண்டும். தொழுவுரம் வேண்டாம். ஊட்டம் ஏறினால் தண்டு நீளும், இலை வைக்கும், பூ குறையும். இலைச்சருகு மூடாக்கும் இதற்கு ஆகாது, அடியில் ஈரம் நிற்கும், கூழாங்கல் பரப்புங்கள்.

தொட்டியில் வைத்தால் கதை வேறு. வேர் போக இடம் இல்லாததால் கடும் கோடையில் அவ்வப்போது ஊற்றத்தான் வேண்டும், அகலத் தொட்டியைவிட ஆழமான மண் தொட்டி நல்லது.

வருஷம் போகப் போக நடுவில் மொட்டையாகி ஓரத்தில் மட்டும் பசுமை நிற்கும். மழைக்குக் கொஞ்சம் முன்னால் பாதிக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து புதிதாகக் கிளம்பும். தினம் தண்ணீர் கேட்கும் ரோஜா, மல்லி பக்கத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள், அதற்கு ஊற்றுகிற தண்ணீரிலேயே இது போய்விடும். பின்னால் ஆவாரை, நடுவில் செம்முள்ளி, வெயில் படும் முன்வரிசையில் இது என்று வைத்தால் மூன்றுக்குமே ஒரே பராமரிப்புதான்.