வடிவமைப்பு நுழைவுத் தேர்வு: காமிக்ஸும் கேமும் செய்பவர்களுக்கு என் அனுபவம்

இந்த ஆண்டுக்கான முதுகலை வடிவமைப்புச் சேர்க்கைப் பட்டியல் வெளியாகி, அனிமேஷன் பிரிவில் எனக்கு இடம் உறுதியாகிவிட்டது. பல மாதங்களாக இருந்த மனப்பாரம் இறங்கிய கையோடு இதை எழுதுகிறேன். தனியாகக் காமிக்ஸ் வரைந்து, சிறிய கேம்களைச் செய்து, அவற்றைத் தனி ஆட்கள் கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர், முதுகலை வடிவமைப்புப் படிப்புகளுக்காக ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வையும் அதன் பின்வரும் நேர்முகத்தையும் எப்படி அணுகலாம் என்று தேடியபோது, எனக்குக் கிடைத்த குறிப்புகள் எல்லாம் அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களை வடிவமைக்கும் பிரிவுக்குப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டவையாகவே இருந்தன.

தேர்வில் இரண்டு பகுதிகள்: கணினியில் விடையளிக்கும் பகுதி ஏ, கையால் வரைந்தும் எழுதியும் காட்டும் பகுதி பி. பகுதி ஏ குறித்துச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.ஐ.டி. பம்பாய் வெளியிட்டுள்ள பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள், அதுவே போதும். பகுதி ஏ வடிகட்டுவதற்கானது என்றாலும், இறுதி மதிப்பெண்ணில் அதற்கு 25 விழுக்காடும் பகுதி பிக்கு 75 விழுக்காடும் எடை உண்டு என்பதால், முழு மூச்சையும் பகுதி பியில் செலவிடுவதே சரி. காமிக்ஸ் வரைகிறவர்களுக்கு அங்கே இயல்பாகவே ஓர் அனுகூலம் இருக்கிறது. கூட்டமான ஓர் இடத்தை ஒரே சட்டகத்துக்குள் அடக்குவதும், நிற்பவர், குனிபவர், எட்டிப் பார்ப்பவர் ஆகியோரின் உடல்களை நினைவிலிருந்து வரைவதும் நமக்கு அன்றாட வேலை. நான் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து பேனாவால் மட்டுமே வரைந்து பழகினேன். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை தயங்காமல் கோட்டை முடிவு செய்கிறது.

உண்மையான தேர்வு நேர்முகத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அங்கே என் படைப்புகளையும் எனக்குப் பிடித்தவற்றையும் பற்றித்தான் பேச்சு முழுவதும் நடந்தது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்: முடித்த ஒரு சிறிய படைப்பை, அதன் ஒவ்வொரு விதியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் பத்துப் பெரிய திட்டங்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது. நேர்முகத்தில் காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவை நிரப்புவதற்காகப் பயிற்சி மையங்களில் சொல்லித்தரும் குடை, தண்ணீர் பாட்டில், நாற்காலி வரைபடங்களை நான் முழுவதுமாக எடுத்துவிட்டேன். அவற்றை எடுக்கக் கூடாது என்று நான் சேர்ந்திருந்த மையத்தில் கடுமையாகச் சொன்னார்கள். அந்த அறிவுரையைக் கேட்டிருந்தால், வந்திருந்த மற்றவர்களின் கோப்புகளிலிருந்து என் கோப்பைப் பிரித்துப் பார்ப்பதே கடினமாகியிருக்கும்.

நான் மேசையில் முதலில் வைத்தது, கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவில் செய்த ஒரு சிறிய கேம். ஆடுபவர் நகரப் பேருந்தின் நடத்துநர். கூட்டத்துக்குள் நகர்ந்து டிக்கெட் கொடுக்க வேண்டும். பையில் சில்லறை போதாது. ஓட்டுநர் காத்திருக்க மாட்டார். சில்லறை இல்லாதபோது, நம் ஊர் நடத்துநர்கள் செய்வதைப் போலவே, பாக்கித் தொகையை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு நகரலாம். பயணி இறங்கும்போது அந்தப் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். முதல் வடிவத்தில், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் திரையின் ஓரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆடிப் பார்த்தபோது அவருடைய கண் அந்தப் பட்டியலை விட்டு நகரவே இல்லை. நான் நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்த பயணிகளின் முகங்களை அவர் பார்க்கவே இல்லை. பட்டியலை எடுத்துவிட்டு மறுபடி ஆடச் சொன்னேன். இப்போது அவர் முகங்களைத் தேடினார். சிவப்பு ரவிக்கை அணிந்த அம்மாவுக்கு ஏழு ரூபாய் தர வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடினார்.

தேர்வாளர்கள் நேர்முகத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு மாற்றத்தின் மேலேயே செலவிட்டார்கள். நினைவாற்றல் குறைந்தவர் எப்படி ஆடுவார், பயணி கேட்க மறந்து இறங்கிப் போனால் அந்தப் பணம் யாருக்கு, அதை நடத்துநரே வைத்துக்கொள்ளலாம் என்று ஏன் ஒரு வழி திறந்து வைத்தாய் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஏனென்றால் இரண்டு வடிவங்களையும் மடிக்கணினியில் வைத்திருந்தேன், பட்டியல் இருந்ததையும் இல்லாததையும் அங்கேயே ஆடிக் காட்ட முடிந்தது. பழைய வடிவங்களை அழிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேமில் தமிழ் எழுத்துகள் ஏன் என்றும் கேட்டார்கள். கோடோ 3இல் தமிழ் ஒழுங்காக அமையாது. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காமல் கலைந்து தெரியும். 2023இல் வந்த கோடோ 4இல் எழுத்துகளைக் கோக்கும் முறை மாற்றப்பட்ட பிறகே உரையாடலைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே வைக்க முடிந்தது. இப்படிப்பட்ட ஒரு தொழில்நுட்பக் காரணம் உங்களிடம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். தாய்மொழிப் பற்று என்ற பதில் உண்மையானதாக இருந்தாலும் உரையாடலை அங்கேயே நிறுத்திவிடும்.

போர்ட்ஃபோலியோவில் நான் வைத்தவை:

– மேலே சொன்ன நடத்துநர் கேம், அதன் பழைய வடிவத்துடன்.
– சிறிய கேம்களுக்கான எளிய கருவியான பிட்சியில் செய்த, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவைப் பற்றிய ஒரு கேம். பிட்சியில் ஒவ்வொரு உருவமும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். அதற்குள் குடத்தையும் வாளியையும் வேறுபடுத்திக் காட்டிய முயற்சிப் பக்கங்களையும் சேர்த்தேன்.
– தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு தையல் கடையில் நடக்கும் கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ், அச்சிட்டு மடித்துப் பின் அடித்த புத்தகமாக.
– அதே காமிக்ஸின் முதல் கட்டச் சிறு வரைவுகள், கசங்கியபடியே.

வண்ணம் எதிலும் இல்லை. கறுப்பு வெள்ளையில் யோசிப்பதுதான் எனக்கு இயல்பு. மெதுவாக வேலை செய்கிறவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

தையல் கடைக் காமிக்ஸில் அவர்கள் பேச்சுக் குமிழ்களைத்தான் கவனித்தார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘கொடுத்துவிடுகிறேன்’ என்ற ஒரே சொல் ஒரு சிறிய குமிழை நிரப்பிவிடும், இடையில் உடைத்தால் படிப்பவர் தடுமாறுவார். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்தவன் என்பதால், வேறு மொழிக்காக வரையப்பட்ட குமிழுக்குள், அவற்றை வெளியிடும் சிவகாசியில் தமிழை எப்படி அமர்த்தினார்கள் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கற்றிருந்தேன். என் பக்கங்களில் குமிழை முதலில் வரைந்து, மீதி இடத்தில்தான் உருவங்களை அமைக்கிறேன் என்று சொன்னதும், அதை வெள்ளைத் தாளில் அங்கேயே செய்து காட்டச் சொன்னார்கள்.

அடுத்து, அண்மையில் என்ன பார்த்தாய், படித்தாய், ஆடினாய் என்ற கேள்வி கட்டாயம் வரும். பெரும்பாலானவர்கள் இதை இளைப்பாறும் நேரம் என்று எடுத்துக்கொண்டு கதைச் சுருக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் படைப்பைப் பிரித்துச் சொன்னது போலவே பிடித்தவற்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நான் லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளியான ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்’ கேமைச் சொன்னேன். ஆள் இல்லாமல் திரும்பி வந்த கப்பலில் இருந்த அறுபது பேருக்கு என்ன ஆயிற்று என்று காப்பீட்டு அதிகாரியாக நாம் கண்டுபிடிக்க வேண்டும். நாம் எழுதும் விடை சரியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல், மூன்று பேரின் விடைகள் சரியாக அமைந்த பிறகே கேம் அவற்றை உறுதிசெய்கிறது. ஒவ்வொன்றாக உறுதிசெய்தால் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டே முடித்துவிடலாம். மூன்று என்ற அந்த எண்ணால்தான் ஆடுபவர் துப்பறிகிறார். இதைச் சொன்னபோது தேர்வாளர் ஒருவர், இரண்டு என்று வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அடுத்த சில நிமிடங்கள் தேர்வாளர்களும் நானும் சேர்ந்து அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த அறையில் எனக்கு மிகவும் மகிழ்ச்சியளித்த நேரம் அதுதான்.

‘வெண்பா’வையும் சொன்னேன், டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டே அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்ற கேம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை என்று நிறுத்தாமல், அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்து போயிருப்பதால் விடுபட்ட படியை ஆடுபவரே ஊகிக்க வேண்டியிருப்பதைப் பற்றிப் பேசினேன். மறந்து போவதைப் பற்றிய கதைக்கு, அழிந்த வரிகளை நிரப்பும் ஆட்டம் அவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது. காமிக்ஸில் ஓரிஜித் சென் 1994இல் வெளியிட்ட நர்மதை அணை பற்றிய ‘ரிவர் ஆஃப் ஸ்டோரிஸ்’ நூலைக் குறிப்பிட்டேன். பழங்குடிப் பாடகரின் புராணத்துக்கும் செய்தியாளரின் நிகழ்காலத்துக்கும் கோட்டின் தன்மையை மாற்றிக் காட்டும் பக்கங்களை நகல் எடுத்து வைத்திருந்தேன்.

இதற்கான தயாரிப்பு எளிது. பிடித்த ஐந்து படைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விதியையோ ஒரே ஒரு பக்கத்தையோ நீக்கினால் என்ன கெடும் என்று எழுதிப் பாருங்கள். எதை நீக்கினாலும் எதுவும் கெடவில்லை என்று தோன்றினால், அந்தப் படைப்பு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் நேர்முகத்தில் சொல்ல வேண்டாம்.

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். கேம் இணையம் இல்லாமல் ஓட வேண்டும். மடிக்கணினி தொடங்க மறுத்தால் காட்டுவதற்கு, ஆடுவதைப் பதிவு செய்த ஒரு நிமிட வீடியோவைக் கைப்பேசியில் வைத்திருங்கள். காமிக்ஸைத் திரையில் காட்டாமல் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். தேர்வாளர் தானாகப் பக்கம் திருப்பும்போது எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்தால், அடுத்த கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.