சம்மர் மியூசிக் ப்ரோகிராம் ஆடிஷன்: நல்லா வாசிக்கிற பசங்க ரெக்கார்டிங்ல ஏன் கோட்டை விடுறாங்க

நான் வயலினும் வியோலாவும் சொல்லிக் கொடுக்கிறவ, ஹைஸ்கூல் பசங்களை சம்மர் ப்ரோகிராம் (அமெரிக்காவுல கோடை லீவுல நடக்குற வெஸ்டர்ன் கிளாசிக்கல் பயிற்சி முகாம்) ஆடிஷனுக்கு தயார் பண்றதும் என் வேலைல ஒரு பகுதி. வருஷா வருஷம் ஸ்கூல் திறந்து கொஞ்ச நாள்லயே "எந்த பீஸ் வாசிச்சா செலக்ட் ஆவேன் மேம்"னு ஆரம்பிச்சுடுவாங்க. பீஸ் எல்லாம் அப்புறம்ங்க. இந்த மாதிரி இடங்களுக்கு அப்ளை பண்ற எல்லாரும் நல்லா வாசிக்கிறவங்கதான், கேட்டு செலக்ட் பண்றவங்க கையில இருக்கறது சில நிமிஷ வீடியோ மட்டும்தான், உங்க பொண்ணு போன மாசம் கச்சேரில எப்படி அசத்துனான்னு அவங்களுக்கு எப்படி தெரியும்? அதனால தயாரிப்பு முழுக்க அந்த வீடியோல இருந்து பின்னோக்கி போடணும்னு தான் நான் சொல்லுவேன்.

முதல்ல எந்த இடம்னு பாருங்க, எல்லாமே ஒரே மாதிரி கிடையாது. மிச்சிகன்ல இருக்கற இன்டர்லாக்கன் 1928ல ஆரம்பிச்சது, அங்க மியூசிக்கோட தியேட்டர், டான்ஸ்னு மத்த கலைகளும் இருக்கும். லெனாக்ஸ்ல நடக்குற பாஸ்டன் யுனிவர்சிட்டி டாங்கிள்வுட் இன்ஸ்டிட்யூட் 1966ல இருந்து இருக்கு, பாஸ்டன் சிம்பொனி சம்மர்ல வாசிக்கிற இடம் பக்கத்துலயே, அதனால ஆர்க்கெஸ்ட்ரா ஆசை உள்ளவங்களுக்கு நல்லா செட் ஆகும். மெடோமவுண்ட் வேற ரகம், 1944ல கலாமியன்ங்கற வயலின் டீச்சர் ஆரம்பிச்சது, ரூம்ல உக்காந்து மணிக்கணக்கா சாதகம் பண்றதுதான் அங்க வாழ்க்கையே, கூட்டம் கலகலப்பு இல்லாம இருக்க முடியாத பையனை அங்க அனுப்பாதீங்க. கார்னகி ஹால் நடத்துற நேஷனல் யூத் ஆர்க்கெஸ்ட்ரா 2013ல வந்தது, 16ல இருந்து 19 வயசு வரைக்கும், ஃபீஸ் கிடையாது, அதனாலயே போட்டி பயங்கரம். ஒவ்வொண்ணுக்கும் கேக்குற பீஸ் லிஸ்ட் வேற, சீனியர் அக்கா அனுப்புன பழைய லிஸ்ட்டை வெச்சுட்டு ரெடி ஆகாதீங்க, இந்த வருஷ லிஸ்ட்டை நீங்களே எடுத்துப் படிங்க.

இப்ப பீஸ். பசங்க எல்லாருக்கும் சிபேலியஸ், சைக்கோவ்ஸ்கியோட கன்செர்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோட சேர்ந்து ஒருத்தர் சோலோ வாசிக்கிற பீஸ்) தான் வேணும். இப்பதான் கத்துக்கிட்டு இருக்கற கன்செர்டோவை ஆடிஷனுக்கு வைக்காதீங்க, ஏற்கனவே ஒரு தடவை மேடைல வாசிச்சு, கீழ வெச்சுட்டு, திரும்ப எடுத்தது தான் பாதுகாப்பு. மோட்சார்ட் எல்லாம் சின்னப் பசங்க வாசிக்கிறதுன்னு ஒரு நினைப்பு வேற. 5வது வயலின் கன்செர்டோவ எடுத்துக்கோங்க, சோலோ உள்ள வர்றதே மெதுவான அடாஜியோல, வேகத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க வழியே இல்ல, வில் பிடிக்கிற கை நடுங்கினா, சுருதி ஒரு இழை விலகினா, முதல் வரிலயே தெரிஞ்சுடும். அதை சுத்தமா வாசிக்கிற பொண்ணுக்குதான் நான் மார்க் போடுவேன், சிபேலியஸை அடிச்சுப் பிடிச்சு முடிக்கிறவனுக்கு இல்ல.

ஆர்க்கெஸ்ட்ரா எக்ஸர்ப்ட் (ஆர்க்கெஸ்ட்ரா பீஸ்ல இருந்து எடுத்த சின்ன பகுதி) கேட்டாங்கன்னா அங்கதான் நிறைய பேர் அவுட். கன்செர்டோவுக்கு மாசக்கணக்குல உழைச்சுட்டு எக்ஸர்ப்டை கடைசி வாரம் தொடுவாங்க. வியோலா, செல்லோ பசங்களுக்கு அடிக்கடி வர்றது பீத்தோவன் 5வது சிம்பொனி ரெண்டாவது மூவ்மென்ட் (பகுதி) ஆரம்பம். பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், 3/8 தாளம், மெதுவா, அமைதியா ஒரு மெலடி. ஆனா அந்த டாட்டட் ரிதம் இருக்கே, பீட்டை நாலா பிரிச்சா நீள நோட்டுக்கு மூணு பங்கு, சின்ன நோட்டுக்கு ஒரு பங்கு. மனசுக்குள்ள தகதிமி ஓடணும், அந்த மி-ல தான் சின்ன நோட்டு விழணும். கொஞ்சம் அசந்தா அது தகிட ஆயிடும், ரெண்டுக்கு ஒண்ணு, கேக்க இனிமையா கூட இருக்கும், ஆனா பேனல்ல இருக்கறவங்க தேடுறதே அந்த வித்தியாசத்தைத்தான். இதை பசங்களுக்கு சொன்னா நம்ப மாட்டாங்க, அவங்க ரெக்கார்டிங்கையே பாதி ஸ்பீட்ல போட்டு காமிச்சா வாயடைச்சுப் போயிடுவாங்க. வயலினுக்கு ஸ்ட்ராஸோட டான் ஹுவான் முதல் பக்கம், ஹார்னுக்கு சைக்கோவ்ஸ்கி 5வது சிம்பொனி சோலோ, எதுவா இருந்தாலும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் அந்த இடத்துல என்ன பண்ணுதுன்னு ஸ்கோரை (எல்லா இன்ஸ்ட்ருமென்டோட நோட்டும் சேர்ந்து இருக்கறது) பாத்துக் கேளுங்க, தனியா வாசிச்சாலும் மத்தவங்க வாசிக்கிறது காதுல ஓடிட்டே இருக்கணும்.

ரெக்கார்டிங் பத்தி. டெட்லைன் பல இடத்துல டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வரும், கடைசி வாரத்துல எடுக்கலாம்னு இருந்தா ஜலதோஷம், ஸ்கூல் எக்ஸாம், பியானோ வாசிக்கிறவர் ஊர்ல இல்ல, எல்லாம் சேர்ந்து வரும். ரெண்டு மாசம் முன்னாடியே ஒரு வீடியோ எடுங்க, அனுப்புறதுக்கு இல்ல, கேக்குறதுக்கு. ஃபோன் மைக் பெரும்பாலும் சத்தத்தை தானே ஏத்தி இறக்கி சமமாக்கிடும், நீங்க கஷ்டப்பட்டு கொண்டு வந்த பியானோ (மெல்லிசா) ஃபோர்ட்டே (சத்தமா) வித்தியாசம் எல்லாம் தட்டையாப் போயிடும், அதனால தனி மைக் ஒண்ணு கடன் வாங்கியாவது வைங்க, ஏழெட்டு அடி தள்ளி. முகம், ரெண்டு கை, இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் ஃப்ரேம்ல தெரியணும். எடிட் பண்ணாதீங்க, எக்கோ சேக்காதீங்க, கேட்டுப் பழகினவங்களுக்கு அது உடனே புரிஞ்சுடும். ஒரே நாள்ல டேக் மேல டேக் எடுத்தா நல்லா வரும்னு ஒரு மூடநம்பிக்கை இருக்கு, ஒரு கட்டத்துக்கு மேல ஒவ்வொண்ணும் முந்தினதை விட மோசம்தான், ட்ரம்பெட் ஹார்ன் பசங்களுக்கு உதடே வேலை செய்யாது.

கையோ தோளோ வலிச்சா நிறுத்துங்க. இதுல பேச்சே இல்ல, பெத்தவங்க "இன்னும் ஒரு தடவை"ன்னு உக்கார வைக்கிறதை நான் நிறைய பாத்துட்டேன்.

சிபாரிசு கடிதம் கேட்டா டீச்சருக்கு ஒரு மாசமாவது டைம் குடுங்க. ஃபைனான்ஷியல் எய்டுக்கு தனி ஃபார்ம், சில இடத்துல தனி டெட்லைன், ஆடிஷன் டென்ஷன்ல இதை மறந்துட்டு சீட் கிடைச்சும் போக முடியாம நிக்கிற குடும்பங்கள் உண்டு, அதனால இந்த வேலையை பையன் கிட்ட விடாம அப்பா அம்மா எடுத்துக்கோங்க. வெயிட்லிஸ்ட் வந்தா உடனே பதில் போடுங்க, வேற இடத்துக்குப் போறவங்க விடுற சீட்டு அப்படித்தான் கைக்கு வரும். செலக்ட் ஆனவங்களும் எக்ஸர்ப்டை மூட்டை கட்டி வெச்சுடாதீங்க, போய் இறங்கின உடனே ஆர்க்கெஸ்ட்ராவுல யார் எந்த நாற்காலின்னு முடிவு பண்ண இன்னொரு ஆடிஷன் வைக்கிற இடங்கள் இருக்கு.