கீமோ குமட்டலுக்கு மணிக்கட்டுப் புள்ளி

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சேலத்துக்குக் கீமோவுக்கு (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) வருகிறவர்களுக்கு வண்டிக் குமட்டலும் சேர்ந்துகொள்ளும். சீன மருத்துவத்தின் நெய்குவான் புள்ளியை அழுத்திப் பார்க்கலாம்.

உள்ளங்கை மேல் பார்க்க, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கம் மூன்று விரல் அகலம் தள்ளி (நோயாளியின் விரல், உங்களுடையது அல்ல!), இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் 2–3 நிமிடம் அழுத்துங்கள். நாண் மேலேயே அழுத்தினால் வலிதான் மிச்சம். நிணநீர் வீக்கமுள்ள கை வேண்டாம். டாக்டர் தந்த வாந்தி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அக்குபங்சர் ஊசி என்றால், முதலில் ரத்தப் பரிசோதனை: தட்டணு குறைந்தால் ரத்தக்கசிவு, வெள்ளணு குறைந்தால் தொற்று.

மூலிகையில்தான் எனக்குத் தயக்கம். சீனக் கஷாயங்கள் பலவற்றில் சேரும் அதிமதுரம் செவ்வாய்ப்பேட்டை நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். வாந்தி பேதியில் ஏற்கெனவே அதை இழந்தவருக்கு இதயத்துடிப்பே தாறுமாறாகலாம்.