ஒப்படைப்பு ரசீது

மார்ச் 17, 2024, ஞாயிறு

நேற்று மாலைதான் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். இன்று காலை, பால் கறந்து முடிப்பதற்குள் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. "தேர்தல் முடியிற வரைக்கும் துப்பாக்கியக் கொண்டாந்து குடுத்துருங்கய்யா, நீங்கதான் மொத ஆளா வருவீங்க" என்றார் ஏட்டு. பாராட்டாகத்தான் சொன்னார். கடலை இப்போதுதான் பிஞ்சு பிடித்திருக்கிறது.

மார்ச் 19

ஒப்படைத்துவிட்டேன். அப்பா சுற்றி வைத்திருந்த அதே கம்பளித் துணியில் சுற்றிக்கொண்டு பேருந்தில் போனேன். துணியை அவிழ்த்ததும் நல்லெண்ணெயும் பழைய கருமருந்தும் கலந்த வாடை அறை முழுவதும் பரவியது, மேசையில் எழுதிக்கொண்டிருந்த இளம் காவலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது வெடிக்குமாங்க?" என்று கேட்டார். குழலின் எண், உரிமத்தின் எண் ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதி, விசைக்காப்பில் அட்டை ஒன்றைச் சணல் நூலால் கட்டி, மூலையில் சாய்த்து வைத்தார்கள். ரசீது கொடுத்தார்கள். துணியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 20

சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

மார்ச் 26

நிலா இருக்கும் வரை பயமில்லை. கடலையைத் தோண்டும் காட்டுப்பன்றிகள் இருட்டுக்குத்தான் வரும்.

தூக்கம் வராததால் சட்டத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவு: உண்மையாகவே பயிரைக் காப்பதற்காகக் கேட்கும் ஒருவருக்கு, குழல் வாயில் மருந்தைக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கான உரிமத்தை, வேறு தடை இல்லாத பட்சத்தில், வழங்க வேண்டும் என்றே அது சொல்கிறது, வழங்கலாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அப்பா மூன்று ஆண்டுகள் அலைந்து வாங்கினார். இன்று நான் புதிதாகக் கேட்டால் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. சரணாலயத்தின் எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் தருவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும், புலிகள் காப்பகத்தின் எல்லையோ என் கிணற்று மேட்டில் நின்றால் தெரிகிறது. ஆகவே இந்த ஒன்று போனால் போனதுதான். மூலையில் சாய்த்து வைத்தார்களே, அந்த மூலையில் ஈரம் இருந்ததா என்று அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 2

மேற்குத் தோட்டத்துக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் நான்கு வைத்தால் நான்கே நாளில் சத்தம் அடங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பன்றி மட்டுமா கடிக்கும்? மாடு கடித்து வாய் கிழிந்து செத்ததை நான் பார்த்திருக்கிறேன், யானைக் குட்டியும் கடிக்கும். எனக்கு ஆத்திரம் அவர்மீது இல்லை. உரிமம் எடுத்து, எண் எழுதி, முறையாகப் புதுப்பித்து வைத்திருப்பவனிடம் இருந்ததை வாங்கிக்கொண்டார்கள்; அவுட்டுக்காய்க்கு ஏது எண், அதை எந்த மேசையில் ஒப்படைப்பது?

ஏப்ரல் 9

நேற்று அமாவாசை. வந்துவிட்டன.

ஒன்பது மணியிலிருந்து பரணில் இருந்தேன். தகரத்தைத் தட்டினேன், டார்ச் அடித்தேன், தீபாவளிக்கு மிஞ்சிய வெடியில் நமுத்தது போக மூன்று வெடித்தன. முதல் வெடிக்கு ஓடின, இரண்டாவதற்கு நின்றன, மூன்றாவதற்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை. இரண்டு மணிக்கு நாயை விட்டது என் தவறு. அதன் தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

விடிந்தபின் நடந்து பார்த்தேன். கிழக்கோரத்துப் பாத்திகள் கொம்புக் கலப்பையால் உழுததுபோல் கிடந்தன. ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தால் வேரில் நாலு காய் மட்டும் தொங்கியது. ஒன்றை உரித்தேன், பருப்பு இன்னும் பால் பருவத்தில்தான் இருந்தது.

துப்பாக்கி என் கையில் இருக்கும் எட்டு ஆண்டுகளில் ஒரு உயிரைக்கூட நான் சுட்டதில்லை. சுடவும் கூடாது, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பன்றியையும் காக்கிறது. ரவை போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு முறை சுடுவேன், மலை அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லும், அதற்குப் பிறகு ஒரு வாரம் எதுவும் வராது. எனக்கு வேண்டியது அந்தச் சத்தம் மட்டுமே.

ஏப்ரல் 10

நாய் கஞ்சி குடித்தது.

டெக்சாசிலிருந்து அக்கா மகன் பேசினான். அங்கே 2021 செப்டம்பர் முதல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகவே உரிமம் தேவையில்லையாம், பெரும்பாலோருக்கு. "இங்க வந்துருங்க மாமா" என்று சிரித்தான். எனக்கு அது வேண்டாம். கடைவீதியில் எதிரே வருகிறவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே கீரை வாங்க என்னால் முடியாது. பக்கத்தில் குடகில் கொடவர் இனத்தாருக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் 2029 வரை துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. அதையும் நான் கேட்கவில்லை. காகிதம் இருக்கட்டும், காவலர் வந்து பார்க்கட்டும். அப்படிப் பார்த்தபின் நம்ப வேண்டும், இவ்வளவுதான் நான் கேட்பது. உப்பும் தீப்பெட்டியும் தவிரப் பெரும்பாலும் எதையும் கடையில் வாங்காமல், விதை முதல் வெல்லம் வரை இந்த ஐந்து ஏக்கரிலேயே பார்த்துக்கொள்கிற மனிதன், தன் இரவுக்காவலுக்கு மட்டும் அடுத்தவர் தேதியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 13

தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலை அச்செடுத்துக்கொண்டு போனேன். எல்லோரிடமும் வாங்கச் சொல்லி அதில் இல்லை. ஆய்வுக் குழு உரிமங்களைப் பரிசீலித்து, பிணையில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு தேர்தல் கலவரங்களில் சிக்கியவர்கள் ஆகியோரைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். அலகாபாத் உயர் நீதிமன்றமும் போன மாதம் இதையே சொல்லியிருக்கிறது. ஏட்டு முழுவதையும் பொறுமையாகப் படித்தார். "நீங்க சொல்றது சரிதானுங்கய்யா" என்றார். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். ஈரத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 19

வாக்களித்தேன். விரலில் மை.

ஏப்ரல் 20

நம் மாநிலத்தில் முடிந்தால் போதாதாம். ஜூன் 4 எண்ணிக்கை வரை தேர்தல் நடத்தை விதி இருக்கிறதாம்.

மே 3

கடலை பிடுங்கினோம். வெயில் தாங்காமல் பத்து மணிக்கே ஆட்கள் கரையேறிவிட்டார்கள். போன ஆண்டு இருபத்திரண்டு மூட்டை, இந்த ஆண்டு பதின்மூன்று. மேற்குத் தோட்டத்துக்காரருக்குக் குறையவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மே 17

மழை. நல்ல மழை, கிணற்றில் இரண்டு முழம் ஏறியிருக்கிறது. நாய் நொண்டாமல் நடக்கிறது. இந்த ஈரத்தில் குழலுக்குள் துரு ஏறாமல் இருக்க வேண்டும்.

ஜூன் 4

எண்ணுகிறார்கள். யார் வந்தால் என்ன என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இன்று நான் பார்த்தது நாட்காட்டியை மட்டும்தான்.

ஜூன் 7, வெள்ளி

நடத்தை விதி நேற்றோடு விலகிவிட்டது. காலையிலேயே துணியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போனேன். மேலிடத்திலிருந்து கடிதம் வர வேண்டுமாம், எழுத்தரும் விடுப்பாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். அந்த மூலையில் இப்போது நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். வரும் வழியில் நாற்றுப் பண்ணையில் தக்காளி நாற்று வாங்கி, வாடாமல் இருக்கக் கம்பளித் துணியை நனைத்து அதில் சுற்றிக் கொண்டுவந்தேன்.