புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் ஒரு காலை

சிங்கப்பூரில் புக்கிட் தீமா பக்கம் பேருந்தில் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கறுப்பு இரும்புப் பாலத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஏறி நடந்தவர்கள் குறைவு. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். கீழே ஒருபுறம் புக்கிட் தீமா ரோடு, மறுபுறம் டனர்ன் ரோடு, நடுவில் கால்வாய். அந்தக் கால்வாயின் தொடர்ச்சிதான் நம்ம தேக்காவை (லிட்டில் இந்தியா) ஒட்டி ஓடி, ரோச்சோர் வழியாகப் போய் மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது.

1903இல் சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தப் பாலம் கிடையாது. அப்போது ரயில் புறப்பட்ட இடம் டேங்க் ரோடு, தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே டேங்க் ரோடு. ஊருக்குள் தண்டவாளம் சாலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கார்கள் பெருகப் பெருக, கேட் மூடும்போதெல்லாம் நெரிசல். அதனால் பாதையையே மேற்கே தள்ளி, சாலைகளுக்கு மேலே பாலங்கள் போட்டு, 1932இல் தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்தார்கள். புக்கிட் தீமா பாலமும் பக்கத்திலுள்ள குட்டி நிலையமும் அந்த ஆண்டைச் சேர்ந்தவை.

இந்த நிலையத்தில் எனக்குப் பிடித்த விஷயம் டோக்கன். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஒரு பிரிவில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கு அடையாளமாக வளையத்தில் மாட்டிய ஒரு டோக்கனை ரயில்காரர்கள் கைக்குக் கை மாற்றிக்கொள்வார்கள். சின்ன வயதில் அப்பாவுடன் கோலாலம்பூர் போனபோது ஜன்னலில் எட்டி அதைப் பார்த்திருக்கிறேன். 2011 ஜூன் 30 வரை அந்த முறை இருந்தது. அன்றிரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிப் போனார்.

அப்புறம் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பாலத்தின் மேல் இருந்ததை விட்டுவைத்து, துருப்பிடித்த பகுதிகளைச் சரிசெய்து, நடப்பதற்கு ஏற்றபடி தளமும் கைப்பிடியும் அமைத்தார்கள். 2021இல் இந்தப் பகுதி நடைபாதையாக மறுபடி திறந்தது. ரயில் போய்விட்டதால் பாலத்துக்கு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இங்கே மழையும் புழுக்கமும் இரும்பைச் சும்மா விடாது.

முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்கள் வந்து கூடும் ஒரு மூலையில் குனிந்து பார்த்தேன். தகடுகளைப் பிணைக்கும் ரிவிட் ஆணிகளின் தலைகள் வரிசையாக, பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி, விளிம்பு மழுங்கி உருண்டிருந்தன. தகடுகள் சேரும் இடுக்கில் சருகும் மண்ணும் அடைந்து, முந்தின இரவு மழையின் ஈரம் அப்படியே இருந்தது. அதில் ஒரு ஆலங்கன்று, இரண்டே இலையோடு.

பாதையில் சருகு கூட்டிக்கொண்டிருந்த தம்பிக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். கன்றைக் காட்டினேன். "சருகு தேங்குற இடத்துலதாண்ணே துரு ஆரம்பிக்கும். வேரு உள்ள போச்சுன்னா தகட்டையே நெம்பிரும்" என்றார். ஊரில் கப்பல் பெயிண்டிங் வேலை பார்த்தவராம். பெயிண்ட் அடிப்பதற்கு முன் பழைய துருவைச் சுரண்டி எடுப்பதுதான் பெரிய பாடு, அதில் ஏமாற்றினால் ஆறே மாதத்தில் பெயிண்ட் கொப்புளித்துவிடும் என்றார். பாலத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ரயிலுக்கும் பாலத்துக்கும் அறிவிப்புப் பலகை இருக்கிறது. துருவைச் சுரண்டும் இந்த வேலைக்கும் ஒரு பலகை வைக்க வேண்டும், அதுவும் தமிழில்.

நேரமிருந்தால் பழைய ரயில் பாதையோடு தெற்கே காமன்வெல்த் வரை நடங்கள். அங்குள்ள முனீஸ்வரன் கோயில், 1932இல் குவீன்ஸ்வே பக்கம் ரயில்வேத் தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு குடிசையில் தொடங்கியது. சாலை விரிவாக்கத்தில் இடம் மாறி இப்போது பெரிய கோயிலாகிவிட்டது. வெயில் ஏறும் முன் கிளம்புங்கள், தண்ணீர் பாட்டில் கட்டாயம். நடை சாத்துவதற்குள் போய்விடலாம்.